வட்டத்துக்குள் ஒரு முகம்

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. ராஜபாளையத்தில் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்புறத் தெரு ஒன்றில் குடியிருந்தோம். வீட்டின் முன்னறைதான் எங்கள் பிழைப்பு. கணவர் வீடியோ கேமராவைத் தூக்கிக்கொண்டு கல்யாணம், சடங்கு, காதுகுத்து என்று ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் தளவாய்புரத்துக்கும் அலைவார். அவர் எடுத்து வருவதை வெட்டி, ஒட்டி, பாட்டுச் சேர்த்து, பார்க்கிற மாதிரி ஆக்குவது என் வேலை. எடிட்டிங் எங்கே செய்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், மதுரையில் கொடுத்துச் செய்கிறோம் என்பார். அடுப்படியில் நிற்கிறவள்தான் அதையும் செய்கிறாள் என்று தெரிந்தால் மதிப்பு இருக்காதாம். அந்த மதுரைதான் அவருக்குச் சோறும் வடித்துப் போட்டது, அது வேறு விஷயம்.

இரண்டு வி.சி.ஆர்., இரண்டு டிவி, நடுவில் ஒரு மிக்ஸர். ஒன்றில் ஓடவிட்டு, வேண்டியதை மட்டும் இன்னொன்றில் பதிவு செய்ய வேண்டும். கேமராவிலிருந்து வருகிற கேசட்டுக்கு மாஸ்டர் என்று பெயர். ஒரு கல்யாணத்துக்கு மூன்று நான்கு மாஸ்டர் சேர்ந்துவிடும். முகூர்த்த மாதங்களில் கட்டிலுக்கு அடியில், பீரோவுக்கு மேல், அரிசி டின்னுக்குப் பக்கத்தில் என்று எங்கே கை வைத்தாலும் கேசட்தான். இப்போது பிள்ளைகள் உள்ளங்கையளவு ஹார்ட் டிஸ்க்குகளை வரிசையாக அடுக்கிவைத்துக்கொண்டு, எதில் எது இருக்கிறதென்று தெரியாமல் தலையைச் சொறிவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். நாங்களும் அப்படித்தான் சொறிந்தோம். கணவர் கேசட்டின் மேல் ஓர் எழுத்து எழுத மாட்டார். பையைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கும் என்பார். ஒரு தடவை வத்திராயிருப்புப் பெண்ணுக்குத் தளவாய்புரத்து மாப்பிள்ளை தாலி கட்டுகிற மாதிரி ஒட்டிவிட்டேன். கேசட்டைக் கொடுக்கப்போகிற நேரத்தில் கண்டுபிடித்ததால் அடி வாங்காமல் தப்பித்தோம். அதற்குப் பிறகு நானே ஒரு சட்டம் போட்டேன். கல்யாண மாஸ்டருக்குச் சிவப்பு மை, சடங்குக்கும் காதுகுத்துக்கும் பச்சை, துஷ்டி வீட்டுக்குக் கறுப்பு.

ஆமாம், சாவையும் எடுப்போம். எங்கள் பக்கத்தில் நிறைய வீடுகளில் யாராவது ஒருவர் பட்டாளத்திலோ போலீஸிலோ இருப்பார். தகவல் போய், லீவு கிடைத்து, ரயிலேறி வந்து சேருவதற்குள் இங்கே எல்லாம் முடிந்திருக்கும். வர முடியாத பிள்ளை பிறகாவது பார்த்துக்கொள்ளட்டும் என்று வீடியோ எடுக்கச் சொல்வார்கள். ஆனால் அந்தக் கேசட்டை வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார்கள். கல்யாணக் கேசட் இருக்கிற வீட்டில் இதை எப்படி வைப்பது என்று பயம். பிள்ளை ஊருக்கு வந்ததும் எங்கள் முன்னறையில் உட்கார்ந்து ஒரு தடவை பார்த்துவிட்டு, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விடும். கல்யாண மாஸ்டரைக் கொஞ்ச நாள் கழித்து அழித்துவிட்டு அடுத்த கல்யாணத்துக்கு எடுத்துக்கொள்வோம். துஷ்டி மாஸ்டரை எதற்கும் தொட முடியாது. பின்கட்டில் ஒரு பழைய ட்ரங்குப் பெட்டியில் போட்டு வைத்திருந்தேன். அவர்கள் வீட்டில் இருக்கக் கூடாதது எங்கள் வீட்டில் மட்டும் இருக்கலாமா என்று யாரும் கேட்டதில்லை.

அந்த வருஷம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டிருந்த சமயம், கான்சாபுரத்தில் விவசாயம் பார்த்த ஒரு சம்சாரி இறந்துபோனார். ஒரே மகன். பட்டாளத்தில், வடக்கே பனிமலையில் இருந்தான். தந்தி கொடுத்தார்கள். உடம்பை ஐஸ் பெட்டியில் வைத்துக் காத்திருக்கிற வசதியெல்லாம் அப்போது அந்த ஊருக்கு வந்திருக்கவில்லை. மறுநாளே எடுத்துவிட்டார்கள். கணவர் போய் இரண்டு மாஸ்டர் எடுத்து வந்தார். நான் கறுப்பு மையில் எழுதி, மகன் வருவதற்குள் முடித்துவிடலாம் என்று எடுத்து வைத்தேன்.

சில நாள் கழித்து ஒரு காலை, உலை வைத்துவிட்டு நிமிர்ந்தால் வாசலில் யாரோ நிற்பது தெரிந்தது. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும் ஓர் அம்மா. வெளுத்த சேலை, வெறும் கழுத்து, வெறும் கை. தூறலில் நனைந்துகொண்டு சாக்கடைக்கு அந்தப் பக்கம் நின்றார். உள்ளே வாங்க என்றேன். துக்கம் கழியாதவள் அடுத்தவர் வீட்டுப் படியேறக் கூடாது என்று மறுத்துவிட்டார். கான்சாபுரத்தில் இறந்தவரின் மனைவி அவர். பதினாறு முடியாமல் வீட்டை விட்டே வெளியே வரக் கூடாதவர். மயக்கமாக இருக்கிறது, வத்திராயிருப்பில் ஒரு ஊசி போட்டுக்கொண்டு வருகிறேன் என்று பொய் சொல்லிவிட்டுக் கிளம்பி, ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் மாறி வந்திருக்கிறார். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் இவரைப் பார்த்ததும் எழுந்து போய்விட்டாளாம். அதை ஒரு குறையாகக்கூடச் சொல்லவில்லை.

நான் தெருவில் இறங்கி அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"எங் கழுத்துல கை வச்சதையும் ஒங்க வீட்டுக்காரரு படம் பிடிச்சாரு தாயி. அத மட்டும் அழிச்சிருங்க. எம் மவன் பாக்கக் கூடாது."

வெட்கத்தினால் சொல்கிறார் என்று முதலில் நினைத்தேன். அது இல்லை. அவர்கள் பக்கத்தில் உடம்பை எடுப்பதற்கு முன்பே, அன்றைக்கே தாலி வாங்கிவிடுவார்கள். மகன் வந்து ஒரு தடவை என்னை இப்படிப் பார்த்துக்கொள்ளட்டும், அதுவரைக்கும் விடுங்கள் என்று இவர் கெஞ்சியிருக்கிறார். நாத்தனார்மார் கேட்கவில்லை. பிடித்து இழுத்துத்தான் வாங்கியிருக்கிறார்கள். மகன் முன்கோபக்காரன். அதைப் பார்த்தான் என்றால் நேரே அரிவாளைத் தூக்கிக்கொண்டு அத்தைமார் வீட்டு வாசலில் போய் நிற்பான். இவர்கள் வயலுக்குத் தண்ணீர் வருவதே கொழுந்தன் கிணற்றிலிருந்து. வயலுக்கு நடக்கிற பாதையும் அவர்கள் வரப்புத்தான்.

"அவன் சண்ட போட்டுட்டு ரயிலேறிப் போயிருவான். பொறவு நான் அவியளோடதான தாயி கெடக்கணும்?"

நான் பார்த்துக்கொள்கிறேன் அம்மா, கவலைப்படாமல் போங்கள் என்றேன். காபி கொண்டுவரட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு பஸ் ஸ்டாண்டைப் பார்க்க நடந்தார்.

மத்தியானம் மாஸ்டரைப் போட்டுப் பார்த்தபோதுதான் வாக்குக் கொடுத்தது எவ்வளவு பெரிய வம்பு என்று தெரிந்தது. மழை மூட்டத்தில் பந்தலுக்குள் ஒரே இருட்டு. செத்தவர் முகத்தின் மேல் மாலைக்கு மேல் மாலை. கணவர் எடுத்ததெல்லாம் கொட்டு, வேட்டு, வேட்டி கட்டிய முதுகுகள், அழுகிற பெண்களின் வாய். இரண்டு மாஸ்டரிலும் தேடிவிட்டேன். அந்த மனிதருடைய முகம் தெளிவாகத் தெரிவது ஒரே ஓர் இடத்தில்தான். தாலி வாங்குவதற்காக மாலைகளை விலக்கி, லைட்டைப் போட்டு, அந்த அம்மாவைத் தலைமாட்டுக்குக் கொண்டுவருகிறார்களே, அங்கேதான். அதை அழித்தால் மகனுக்கு அப்பா முகம் இல்லை. அழிக்காவிட்டால் அந்த அம்மாவுக்கு நான் கொடுத்த வார்த்தை இல்லை.

கணவரைப் பிடித்து உலுக்கிவிட்டேன். செத்தவர் முகத்தை எடுக்கத் தெரியவில்லை, இதை மட்டும் பக்கத்தில் போய் எடுக்கத் தெரிந்ததா என்று கேட்டேன். எடுக்கச் சொன்னாவ, எடுத்தேன் என்றார். கொஞ்ச நேரம் கழித்து, கேமரா வழியாகப் பார்த்தால் எதுவும் உறைக்காது, அதனால் கண்ணை அதிலிருந்து எடுக்கவே இல்லை என்றார். அன்று அவரும் சரியாகச் சாப்பிடவில்லை.

நான் டிவி வழியாகத்தான் பார்த்தேன். எனக்கு உறைத்தது. கை நிறையக் கண்ணாடி வளையலும் தலை கொள்ளாத பூவுமாக அந்த அம்மாவை உட்கார வைத்திருக்கிறார்கள். இரண்டு கையாலும் தாலியை மூடிப் பிடித்திருக்கிறார். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கிறார்கள். இடையில் ஒரு கணம் தலையைத் தூக்கி நேரே கேமராவைப் பார்த்தார். இது வழியாக மகன் பார்ப்பான் என்று அப்போதே அவருக்குத் தெரிந்திருக்கிறது. சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார், கைப்பிடி தளர்ந்துவிட்டது. அங்கேயே நிறுத்திவிட்டு அடுப்படிக்குப் போய்ச் சும்மா நின்றேன்.

எங்கள் மிக்ஸரில் கல்யாணத்துக்கென்றே சில டிசைன்கள் உண்டு. இதய வடிவம், நட்சத்திரம், திரை விலகுவது, வட்டம். மணப்பெண் முகத்தை இதயத்துக்குள் வைத்தால்தான் ஜனங்களுக்குத் திருப்தி. வட்டத்தை மட்டும் ஒரு குச்சியைத் திருப்பி அங்குமிங்கும் நகர்த்தலாம். வட்டத்துக்கு உள்ளே இருப்பது தெரியும், வெளியே இருப்பதெல்லாம் கறுத்துவிடும். அப்பாவின் முகத்தை மட்டும் வட்டத்துக்குள் பிடித்துவிட்டால் அம்மாவும் பிழைப்பார், மகனுக்கும் முகம் கிடைக்கும் என்று தோன்றியது.

சொல்வது சுலபம். கணவரின் கை ஆடியிருக்கிறது, கூட்டம் இடித்திருக்கிறது. முகம் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போகும். ஒரு கையால் பதிவை ஓடவிட்டு, இன்னொரு கையால் வட்டத்தை அதன் பின்னாலேயே நகர்த்த வேண்டும். ஓர் இடத்தில் பிசகினாலும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஒருமுறை அவசரத்தில் வேறு பட்டனை அமுக்கிவிட்டேன். செத்த மனிதரின் முகம் இதய வடிவத்துக்குள் வந்து நின்றது. சிரித்துவிட்டேன். சிரித்த வாயோடு அழுகையும் வந்துவிட்டது.

வளையல் போட்ட கைகள் வட்டத்துக்குள் வந்த இடங்களையெல்லாம் வெட்டினேன். கடைசியில் ஒரு வெறுங்கை வந்து அவர் தாடையைத் தாங்குகிற மாதிரி பிடித்தது. அதையும் வெட்டினால் முகம் கண்மூடித் திறக்கிற நேரத்துக்குத்தான் மிஞ்சும். விட்டுவிட்டேன். சாவு வீட்டில் எத்தனையோ பெண்கள் தொட்டு அழுவார்கள், யார் கை என்று யாருக்குத் தெரியப்போகிறது? சத்தத்தை முழுதும் எடுத்துவிட்டு, துஷ்டி கேசட்டுக்கு வழக்கமாகப் போடுகிற ஷெனாயைப் போட்டேன்.

பதினாறு முடிந்த மறுநாள் மகன் எங்கள் வீட்டுக்கு வந்தான். மொட்டைத் தலை, மீசையும் இல்லை, நல்ல உயரம். கணவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். நாற்காலியில் உட்காரச் சொன்னேன், தரையிலேயே உட்கார்ந்துகொண்டான். கேசட்டைப் போட்டேன். கொட்டு, கூட்டம், பந்தல் எல்லாம் போயிற்று. ஒவ்வொரு தடவை படம் அப்பா பக்கம் திரும்பும்போதும் கழுத்தை நீட்டினான். மாலைதான் தெரிந்தது. பிறகு திரை கறுத்து வட்டம் வந்தது. அப்படியே முழங்காலில் நகர்ந்து டிவிக்குக் கிட்டத்தில் போனான். அப்பா முகத்தைப் பார்த்தான். நான் நினைத்த மாதிரி அழவில்லை. அந்தக் கை வந்தது.

"எங்கம்மா கை."

என்னிடம் சொல்லவில்லை, தனக்குத்தான் சொல்லிக்கொண்டான். திருப்பிப் போடச் சொன்னான். போட்டேன். இன்னொரு தடவை கேட்டான், போட்டேன். கேசட்டை நிறுத்தச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்துத் திரும்பினான்.

"இந்த வட்டத்தச் சுத்தி என்னக்கா இருக்கு?"

வெளிச்சம் சரியில்லை, அதனால் வட்டம் போட்டேன் என்றேன். மணிக்கட்டெல்லாம் ரத்தமாக இருக்கிறதே என்றான். அத்தனை தடவை ஓட்டியும் நான் அதைக் கவனிக்கவில்லை. வளையலை உடைத்தபோது கீறியிருக்கிறது.

அவன் எழுந்து நின்றான். எங்கே போகப்போகிறான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். அவன் உயரத்துக்கு நான் மறித்து என்ன ஆகப்போகிறது? ஆனாலும் நின்றேன். அந்த அம்மா தூறலில் வந்து நின்றதையும், நீ போன பிறகு அவர்களோடுதான் நான் கிடக்க வேண்டும் என்று சொன்னதையும் சொல்லிவிட்டேன். என்ன நடந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

திரும்பப் போய் உட்கார்ந்தான். மொட்டைத் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "நான் வாரதுக்குள்ள என்ன அவசரம் அவியளுக்கு?" என்றான். தாய் கேட்டதையேதான் பிள்ளையும் கேட்டான். அப்போதுதான் அழுதான். நான் சோற்றை இறக்குகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது, அந்த இடம் இருக்கிற மாஸ்டரைக் கேட்டான். பின்கட்டுப் பெட்டியிலிருந்து எடுத்து வந்து கொடுத்தேன். போடச் சொல்வான் என்று பயந்துகொண்டே நின்றேன். கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அந்த இடத்தை அழித்துவிடுங்கள் என்றான். அதை அழித்தால் உங்கள் அப்பாவின் தெளிந்த முகமும் போய்விடும், வட்டத்துக்குள் இருப்பது மட்டும்தான் மிஞ்சும் என்று சொல்லிப் பார்த்தேன். அது போதும் என்றான்.

டிவியை அணைத்துவிட்டேன், அவன் கண்ணில் எதுவும் பட்டுவிடக் கூடாதென்று. வி.சி.ஆரில் ஓடுகிற எண்களை மட்டும் பார்த்து, வெறுமையை அதன் மேல் பதிவு செய்தேன். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. முடிகிறவரை அவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். போகும்போது ஒன்றே ஒன்று கேட்டான். அம்மா வந்து விசாரித்தால், அவன் எதையும் பார்க்கவில்லை என்று நான் சொல்லிவிட வேண்டும். சரி என்றேன்.

அவர் வந்தார். அடுத்த வாரமே. பட்டாளத்துச் சேக்காளிகளுக்கு மகன் கொண்டுபோகப் பால்கோவா வாங்குகிறேன் என்று ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து, அங்கிருந்து இங்கே வந்திருக்கிறார். மகன் மறுநாள் ரயிலேறுகிறான் என்றார். பதினாறு முடிந்துவிட்டதே, உள்ளே வாருங்கள் என்று கூப்பிட்டேன். அப்போதும் படியேறவில்லை. பால்கோவா பையை மார்போடு பிடித்துக்கொண்டு அதே சாக்கடைக்கு அப்பால் நின்றார்.

"பாத்தானா தாயி?"

"அவுக அப்பா முகத்தப் பாத்தாரும்மா. வேற ஒண்ணும் பாக்கல."

நம்பாத மாதிரி என்னையே பார்த்தார். பிறகு சொன்னார். இங்கே வந்துபோன நாளிலிருந்து மகன் இவர் முகத்தை நிமிர்ந்து பார்த்துப் பேசவில்லையாம். சோறு போடும்போதுகூடத் தட்டையே பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறானாம். பார்த்துவிட்டானோ, பார்த்துவிட்டானோ என்று உள்ளுக்குள் தவித்துப்போனேன் என்றார்.

"நானும் அவன் முன்னால ஒரு பொட்டு அழல தாயி. அழுதா ஏன்னு கேப்பான்ல."

இன்னொரு தடவை கேட்டார், நிஜமாகவே பார்க்கவில்லையா என்று. மறுநாள் ரயில். அதற்குள் இன்னும் ஒரு ராத்திரி இருந்தது. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அவனுக்கும் ஒரு வார்த்தை கொடுத்திருக்கிறேனே. இல்லையம்மா, பார்க்கவில்லை என்றேன். அப்பனை நினைத்துத்தான் அப்படி இருக்கிறான்போல என்று தனக்கே சொல்லிக்கொண்டார். மனசு லேசானவர் மாதிரி தலையாட்டினார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்.

அதன் பிறகு அவர்கள் இருவரையும் நான் பார்க்கவில்லை. வீடியோ தொழிலையும் விட்டு எத்தனையோ வருஷமாகிறது. எவ்வளவோ வெட்டினேன், எவ்வளவோ ஒட்டினேன், ஒன்றும் மனசில் நிற்கவில்லை. தாய்க்குக் கொடுத்த வார்த்தையையும் பிள்ளைக்குக் கொடுத்த வார்த்தையையும் கூடியமட்டும் காப்பாற்றிவிட்டேன் என்று சில நாள் என்னையே மெச்சிக்கொள்வேன். அடுத்த நிமிஷமே, அன்று ராத்திரி அந்த ஒரே வீட்டுக்குள் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் அழுகையை அடக்கிக்கொண்டு படுத்திருப்பார்களே என்ற நினைப்பு வந்துவிடும். நான் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர்கள் சேர்ந்து அழுதிருப்பார்களோ, இல்லை, அந்த வீட்டில் இன்னொரு சாவு விழுந்திருக்குமோ என்பது இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.